வாயாடி முதலைக்காட்டுக்குப் போன கதை

வருகிற திங்கட்கிழமை நான் மடத்துக்குள் போகிறேன். அங்கே வயல் வேலை உண்டு, செபம் உண்டு, சோறு உண்டு. பேச்சு மட்டும் அநேகமாக இல்லை. ஆகவே பேச வேண்டியதை இப்போதே பேசித் தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இதை எழுதுகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நான் மௌன மடத்தில் சேர்வதை நம்பமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் தெருக் காகம்கூட நான் பேசி முடித்த பிறகுதான் கரையும் என்று சொல்வார்கள்.

மடத்துச் சிரேஷ்டரும் நம்பவில்லை. நான் போய் நின்று என் ஆசையை அரைமணி நேரம் விளக்கினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "உன்னை வளர்த்தது யார்?" என்றார். தாய் தகப்பன் இல்லை, அண்ணன்தான் வளர்த்தார், இப்போது மலாய் நாட்டில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறார் என்றேன்.

"அவரிடம் நேரில் போய்க் கேள். முழுமனதோடு விட்டால் வா. சண்டை பிடித்தோ அழுதோ ஏமாற்றியோ வாங்கிய சம்மதத்தோடு இந்தப் படியை மிதிக்காதே" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, "போகும்போதே ஒரு பயிற்சி. மாலைச் செபம் முடிந்தால் காலைச் செபம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. உன்னால் முடிகிறதா என்று நீயே பார்" என்றார்.

கப்பலில் ஒரு மாலைகூட முடியவில்லை. மேல்தட்டில் படுத்துக் குருசு வரைந்து வாயை மூடுவேன். பக்கத்தில் ஒருவர், "தம்பி எந்த ஊர்?" என்பார். ஊர் பேரைக் கேட்டால் பதில் சொல்லாத யாழ்ப்பாணத்தான் இன்னும் பிறக்கவில்லை. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார். தெருவைச் சொன்னால் அவருடைய பெரியம்மா மகளை எங்கள் தெருவில்தான் கொடுத்திருப்பார்கள். அப்புறம் விடியும்.

கோலசிலாங்கூருக்கு வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். மோட்டார் பஸ்ஸில் எனக்கும் ஒரு சீனக் கிழவருக்கும் நடுவே ஒரு பன்றிக்குட்டி கூடைக்குள் பயணம் செய்தது. இறங்கியதும் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். குன்றின்மேல் வெள்ளைக் கலங்கரை விளக்கம்; அதைச் சுற்றி மரமெல்லாம் சாம்பல் நிறக் குரங்குகள். எங்கள் ஊர்க் குரங்கு என்றால் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடும். இவை கையைக் கட்டிக்கொண்டு பெரிய மனிதர்களைப் போல என்னைப் பார்த்தன. நான்தான் வெட்கப்பட்டு நகர்ந்தேன்.

ஆற்றங்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர் நாகூர்ப் பக்கத்து மரைக்காயர். நல்ல பெருத்த உடம்பு, சிரித்த முகம். "வாங்க தம்பி, ஆட்டுக்கறி சுடச்சுட இருக்கு" என்று இலையைப் போட்டார்.

"இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாங்கள் மாமிசம் தொடமாட்டோம்" என்றேன்.

"அட, வேதக்காரரா! எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் கறி" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "பரவால்ல. காலையில அக்கரையில, பாசிர் பெனம்பாங்குல எறங்குன மீன் இருக்கு. அதுக்கு உங்க சாமி கோவிச்சுக்க மாட்டாரே?"

அந்த மீன் குழம்பை நான் மடத்தில் நினைத்துக்கொண்டால் பாவமா என்று சிரேஷ்டரிடம் கேட்க வேண்டும். எங்கள் ஊர்க் குழம்பில் காரம் முன்னால் வந்து கதவைத் தட்டும். இதில் புளியும் தேங்காய்ப்பாலும் ஒன்றாக வந்து உட்கார்ந்தபின் காரம் மெதுவாக எழுந்திருந்தது. மூன்றாம் தடவை சோறு வாங்கினேன். ஒறுத்தல் முயற்சி எல்லாம் நாளை முதல் என்று தீர்மானித்தேன்.

அண்ணன் அக்கரையில் மாட்டுவண்டியோடு காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். மறுநாள் கடைக்கு மீன் பேசிவைக்க மரைக்காயரும் போக வேண்டியிருந்ததால் இருவரும் ஒரு மலாய்க்காரர் படகில் ஏறினோம். "ஆத்துல கைய விட்டுறாதீங்க தம்பி, முதலைக்கு வெள்ளிக்கிழமை எல்லாம் கெடையாது" என்றார் மரைக்காயர். நான் கையை மட்டுமல்ல, கால்விரலையும் மடக்கி வைத்துக்கொண்டேன்.

நடு ஆற்றில் மிதந்து வந்த ஒரு மரக்கட்டையில் மோதித் துடுப்பு முறிந்தது. அந்த நேரம் பார்த்துக் கடல் நீர் ஆற்றுக்குள் ஏறத் தொடங்கியது. தண்ணீர் எங்களைத் தூக்கி ஆற்றின் மேல்பக்கம், வளைவு தாண்டிக் கொண்டுபோய்விட்டது. படகுக்காரர் பதறவில்லை. பாதித் துடுப்பை வைத்துக்கொண்டு நீர் எங்கே விடுகிறதோ அங்கே போகலாம் என்பதுபோல இருந்தார். சூரியன் விழுந்தது. பயத்தில் நான் மாலைச் செபத்தைச் சொல்லி முடித்துக் குருசு வரைந்தேன்.

கண்ணைத் திறந்தால், கரையிலிருந்த மரங்கள் எரிந்துகொண்டிருந்தன. எரியவில்லை; மின்மினிகள். எங்கள் ஊரிலும் மின்மினி உண்டு, ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று அலையும். இங்கே மரம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தது, ஒரே நேரத்தில் அணைந்தது. அடுத்த மரமும் அதோடு சேர்ந்துகொண்டது. ஆயிரமாயிரம் பூச்சிகள், ஒரு சத்தம் இல்லை. கட்டளை கொடுக்கிறவர் யார் என்று தேடினேன். படகுக்காரர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"சத்தம் போட்டா வெளக்க அணைச்சிரும்னு சொல்றான்" என்றார் மரைக்காயர், அவரும் கிசுகிசுப்பாக.

யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. ஆண்டவரே, என்ன இது என்று உள்ளே மட்டும் ஒரு குரல் கேட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

தட்டுத் தடுமாறிப் பாசிர் பெனம்பாங் கரையை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. விளக்கோடு ஓடி வந்தார் அண்ணன். ஆறு வருடம் ஆயிற்று பார்த்து, முன்நெற்றி ஏறியிருந்தது. "தம்பி! எங்கையடா போனனீ? ஆறு கொண்டு போட்டுது எண்டெல்லோ பயந்துபோனன்!" என்று கட்டிப்பிடித்தார்.

நானும் கட்டிப்பிடித்தேன். ஆனால் பேசவில்லை. இத்தனை நாள் தோற்றுத் தோற்று, இன்றுதான் தானாகக் கிடைத்த மௌனம்; அதை உடைக்க மனம் வரவில்லை. சிரித்தேன், தலையை ஆட்டினேன், வானத்தைக் காட்டினேன். மடையன் என்றால் அப்படி ஒரு மடையன்.

அண்ணனின் முகம் மாறியது. "என்னடா? வாய் அடைச்சுப்போச்சோ?"

வண்டியோட்டி வந்தவர் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் சவரிமுத்து, நம் வேதக்காரர்தான், திருச்சிப் பக்கம். அவர் விளக்கை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஆத்துல என்னத்தையோ பாத்துப் பயந்துட்டாருங்கய்யா. வீட்டுக்குப் போனதும் எம் பொஞ்சாதிகிட்டக் காட்டுவோம்."

தோட்டத்துக்கு வெள்ளைக்காரர் வைத்த பேர் ஒன்று உண்டு. அது யார் வாயிலும் நுழையாததால் நம் சனங்கள் முதலைக்காட்டுத் தோட்டம் என்றே சொல்கிறார்கள். வண்டி அங்கே போய் நின்றதும் மண்டோரின் மனைவி சவரியம்மா ஒரு சின்னக் குப்பியோடு வந்தாள். அந்தோனியார் கோவில் விளக்கில் எரிந்த எண்ணெய், ஊரிலிருந்து கொண்டுவந்தது. என் அனுமதியைக் கேட்காமல் என் தொண்டையில் சூடு பறக்கத் தேய்த்தாள். கர்ப்பிணியான என் அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று பயந்துபோய்ப் பார்த்தார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

காலைச் செபம் முடிந்ததும் அணை உடைந்தது. கப்பல், பன்றிக்குட்டி, மீன் குழம்பு, மின்மினி எல்லாம் கொட்டினேன். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வந்த காரியத்தையும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "நீயோ? மௌன மடமோ? டேய், நீ நித்திரையிலயும் கதைக்கிறவன்!"

"அண்ணை, உண்மையாத்தான் கேக்கிறன்."

"விளையாடாதை. துரையோட கதைச்சு உனக்குச் சின்னக் கிராணி வேலை எடுத்து வைச்சிருக்கிறன். திங்கட்கிழமை விடியப் பேர் கூப்பிடுற பிரட்டுக்கு வந்து நில்." அவர் குரல் இறங்கியது. "இஞ்சை எங்களுக்கு ஆர் இருக்கினம்? முந்தி ரெண்டு பிள்ளையள் தங்கயில்லை. இது மூண்டாவது. பக்கத்திலை சொந்தமெண்டு ஒரு ஆள் வேண்டாமோ?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்தேன். ரப்பர் மரங்களை அன்றுதான் பார்க்கிறேன். எங்கள் பனைகள் தங்கள் இஷ்டத்துக்கு நிற்கும். இவை எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை, வரிசை, வரிசை. ஒவ்வொரு மரத்திலும் ஒரு சாய்ந்த வெட்டு, அதன் கீழே ஒரு கிண்ணம், அதில் சொட்டுச் சொட்டாக வெள்ளைப் பால். பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே வந்து வெட்டிவிட்டு, இப்போது வாளியோடு சேகரித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறினால் பால் உறைந்துவிடுமாம். காடு முழுவதும் ஒரு பெரிய கோவில்போல நிழலாக இருந்தது.

வாளியோடு வந்த சவரியம்மா என்னைக் கண்டதும் நின்றாள். "பேச்சு வந்துருச்சா?"

"வந்துவிட்டது. மாலைச் செபத்துக்குப் பிறகு நான் பேசுவதில்லை, அதுதான்..."

"நேர்ச்சையா!" என்று வாளியை வைத்துவிட்டாள். "நெனைச்சேன். ராத்திரியே எம் புருசங்கிட்டச் சொன்னேன், இது பயம் இல்ல, நேர்ச்சைன்னு."

"இல்லை, நான் வந்து..."

"யாருக்குன்னு சொல்லாதீங்க! வாய் விட்டுச் சொன்னா நேர்ச்சை பலிக்காது. எனக்குத் தெரியாதா? கிராணி வீட்டம்மா முகத்தப் பாத்தாத் தெரியலையா? கடல் தாண்டி வந்து, அண்ணனைக் கண்ட சந்தோசத்துலகூட வாயைத் தொறக்காம... அம்மாடி!" கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியை எடுத்துப் போயே போய்விட்டாள். என்னைப் பேச விடாத ஒரு ஆளை நான் சந்தித்தது அதுவே முதல் தடவை.

சாயங்காலத்துக்குள் லயம் முழுவதும் சேதி பரவிவிட்டது. லயம் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் நீள வரிசை வீடுகள். ஒரு முனையில் தும்மினால் மறு முனையில் ஆயுசு நூறு என்பார்கள். மாலைச் செபம் முடித்து நான் வாசலில் உட்கார்ந்தேன். ஒருத்தி கோழிமுட்டை கொண்டுவந்து வைத்தாள். ஒருவர் வாழைப்பழச் சீப்பு. இன்னொருத்தி ஒன்றும் கொண்டுவராமல், என் முன்னால் வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். இல்லை இல்லை என்று நான் தலையைத் தலையை ஆட்டினேன். அது பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது அண்ணன் வந்தார். யாரோ சொல்லிவிட்டார்கள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கொரு சொல் சொல்லாமல், இவளுக்காக இப்பிடி ஒரு நேர்ச்சையோ?" என்றார். "நான்தானடா விசரன். உன்னைப் போய் மறிச்சனே. நீ போ. மடத்துக்கே போ. நான் தடுக்கயில்லை."

கேட்டு வந்தது கையில் விழுந்துவிட்டது. முழுமனதோடு, கண்ணீரோடு. நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. விதிப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். அப்படியொரு சௌகரியமான மௌனம் உலகத்தில் யாருக்கும் வாய்த்திருக்காது. ஆனால் ஏமாற்றி வாங்கியதோடு படியை மிதிக்காதே என்ற குரல் காதில் குத்தியது. மௌனத்தை உடைக்காவிட்டால் பொய். உடைத்தால் எல்லாம் போச்சு.

"அண்ணை," என்றேன். "அது அண்ணிக்காக இல்லை. மடத்துக்குப் பழகிறன். எனக்காகத்தான்."

அண்ணன் கையை எடுத்துக்கொண்டார். முட்டையையும் பழத்தையும் ஒருமுறை பார்த்தார். எழுந்து உள்ளே போனார். அன்று இரவும் மறுநாள் காலையும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இடியப்பத் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார், அவ்வளவுதான். என் மௌனம் மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பப்பா, என்ன கனம்!

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக் கிள்ளான் போக வழியில்லை. சாமியார் கடைசியாக வந்தது பாஸ்குத் திருநாளுக்கு. லயத்துக்குப் பின்னால் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை இருக்கிறது, அங்கே செபம் சொல்வார்கள் என்று சவரியம்மா சொல்லியிருந்தாள். நான் புறப்பட்டேன். அண்ணி, "நானும் வாறன்" என்று முக்காட்டைப் போட்டார். அவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அண்ணனும் பின்னால் வந்தார். கிராணியார் ஒருநாளும் அந்தக் கொட்டகையில் காலெடுத்து வைத்ததில்லையாம். தினமும் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவர் அவர்களோடு தரையில் எப்படி உட்காருவது? அவரைக் கண்டதும் ஒருவர் நாற்காலிக்கு ஓடினார். அண்ணி அதற்குள் பாயில் உட்கார்ந்துவிட்டதால் அண்ணனும் உட்கார்ந்தார்.

முன்னால் பலகையில் செய்த ஒரு பீடம். அதன்மேல் வெளுத்த துணி, இரண்டு மெழுகுதிரி. சுரூபம் இல்லை, பூசைப் பாத்திரம் இல்லை. சவரிமுத்து மண்டோர் வெள்ளை வேட்டியோடு ஓரமாக நின்று செபமாலை சொல்லிக்கொடுத்தார். பீடத்தின் நடுவில் யாரும் நிற்கவில்லை. அந்த இடம் சாமியாருக்கு.

"இப்ப மணி அடிப்பாங்க பாருங்க," என்று சவரியம்மா என் காதில் சொன்னாள். "கிள்ளான் கோயில்ல எழுந்தேற்றம் ஆகுற நேரம். சாமி அப்பத்தத் தூக்கிக் காட்டுவாருல்ல, அது. நமக்குத்தான் பூசை இல்ல, அங்க நடக்குதுல்ல? அந்த நேரத்துக்கு நாம பேசாம இருக்குறது. மொத நாள்ல இருந்து இப்படித்தான்."

மண்டோர் பீடத்தைப் பார்த்துத் திரும்பி, பிரட்டில் பெயர் கூப்பிடுவதுபோல ஒரே குரலில் சொன்னார். "காய்ச்சல்ல கெடக்குற ஆரோக்கியத்துக்காக. ஊருல விட்டுட்டு வந்த நம்ம சனங்களுக்காக. கள்ளுக்கடையில உக்காந்திருக்குற நம்ம பயலுகளுக்காக. கிராணியார் வீட்டம்மாவுக்காக. அவங்க வயித்துப் புள்ளைக்காக. தங்காமப் போன ரெண்டு புள்ளைங்களுக்காக."

அண்ணன் தலை நிமிர்ந்தார்.

தொழிற்சாலைப் பக்கம் தொங்கிய தண்டவாளத் துண்டில் ஒரு அடி விழுந்தது. அடித்தவர் மாரியம்மன் பக்தரான காவல்காரர். ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லையாம். அவ்வளவுதான். அத்தனை பேரும் முழங்காலில் விழுந்தார்கள், சத்தம் நின்றது. மண்டோரின் குரல் நின்றது, இருமல் நின்றது, கைக்குழந்தைகள்கூட எப்படியோ அடங்கின. வெயிலில் ரப்பர் காய் ஒன்று எங்கோ பட்டென்று வெடித்தது. வெறும் பீடத்தின்மேல் மெழுகுதிரி எரிந்தது. நான் பெரிய பெரிய கோவில்களில், வாத்தியங்களும் தூபமுமாக நடந்த பாடற்பூசைகள் பார்த்திருக்கிறேன். உடம்பு இப்படி நடுங்கியதில்லை. ஆற்றங்கரை மரங்களைப் பார்த்தபோது கட்டளை கொடுப்பவர் யார் என்று தேடினேனே, அவர் இங்கே இருந்தார் என்று எனக்குப் பட்டது. பட்டதைச் சொல்கிறேன், விளக்கத் தெரியவில்லை.

அத்தோடு வெட்கமும் வந்தது. இவர்கள் வாயை மூடுவது காய்ச்சல்காரனுக்கு, கள்ளுக்கடையில் கிடக்கிறவனுக்கு, வராதவனுக்கு. நான் மூடியது என் கெட்டித்தனத்தைப் பார்க்க.

முடிந்து வெளியே வந்ததும் அண்ணன் நேரே சவரியம்மாவிடம் போனார். "எங்கட பேரை எப்பயிருந்து சொல்லுறியள்?"

"மொதப் புள்ள போன நாள்ல இருந்துய்யா" என்றாள் அவள். "நீங்க வரலைன்னா நாங்க விட்டுற முடியுமா?"

மர வரிசைகளுக்கு நடுவே மூவரும் நடந்தோம். அண்ணி மெதுவாக நடந்தார், நாங்கள் அவருக்கு ஏற்ப நடந்தோம். வீடு தெரிகிற இடத்தில் அண்ணன் நின்றார். கண் சிவந்திருந்தது.

"டேய். ராத்திரி என்ன சொன்னனீ? உன்ரை மௌனம் எங்களுக்கில்லை எண்டு."

"ஓம் அண்ணை."

"இனி எங்களுக்காகவும் இரு. அப்பிடியெண்டால் போ." என் நெற்றியில் பெருவிரலால் குருசு போட்டார், சின்ன வயதில் பள்ளிக்கூடம் அனுப்பும்போது போடுவதுபோல. "துரைக்கு நான் சொல்லுறன். பக்கத்திலை ஆள் இல்லையெண்டு அழுதன். வரிசையா இருந்திருக்கினம், எனக்குத்தான் கண் தெரியயில்லை."

"நீர் அங்கை வாயைத் திறந்தால் எனக்கு இஞ்சை வயித்துக்குள்ளை தெரியவரும், கவனம் தம்பி" என்றார் அண்ணி. அழுதுகொண்டே மூவரும் சிரித்தோம். அழுது வாங்காதே என்று சிரேஷ்டர் சொன்னது என் அழுகையைத்தான்; அண்ணனின் அழுகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

புறப்படும்போது சவரியம்மா எண்ணெய்க் குப்பியைக் கையில் திணித்தாள். மௌன மடத்துக்கு நான் கொண்டுபோகிற ஒரே சொத்து, பேச்சு வருவதற்கான எண்ணெய். சிரேஷ்டர் சிரிப்பாரோ பிடுங்குவாரோ தெரியாது.

அண்ணிக்கு இன்னும் நாள் இருக்கிறது. செய்தி வரும்போது நான் உள்ளே இருப்பேன். எந்தச் செய்தியானாலும் கத்த முடியாது, தெருவில் ஓடிச் சொல்ல முடியாது. அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிறு காலை தண்டவாளத்தில் அடி விழும்போது முதலைக்காட்டில் எல்லாரும் வாயை மூடுவார்கள் என்று எனக்குத் தெரியும். இனி அவர்களோடு நானும் ஒரு ஆள். திங்கட்கிழமை மாலைச் செபம் முடிந்ததும் என் முதல் மௌனம் தொடங்கும். அது அண்ணியின் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு.